இரைச்சல் தின்ற ஓராண்டு



பிள்ளை படிப்பில் பின்தங்கினால் நாம் முதலில் யாரைக் குறை கூறுகின்றோம்? பிள்ளையைத்தான். 'கவனமில்லை, விளையாட்டுப் புத்தி, மூளையில் ஏறவில்லை' என்று அடுக்கிக் கொண்டே போகின்றோம். அதற்கடுத்து ஆசிரியரைக் குறை கூறுகின்றோம். அதுவும் போதாதென்றால் தாயின் வளர்ப்பைச் சாடுகின்றோம். ஆனால் அப்பிள்ளை அமர்ந்திருக்கும் வகுப்பறையின் சன்னலுக்கு வெளியே என்ன நடக்கின்றது என்று எட்டிப் பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்?

இக்கேள்வியை உங்களிடம் கேட்கும் தகுதி எனக்கு முழுமையாக உண்டென்று கூறமாட்டேன். இருபது ஆண்டுகளாக மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்து வருகின்றேன். எங்கள் மாலை வகுப்பு நடக்கும் அறையின் ஒரு பக்கம் பேருந்துகள் திரும்பும் சாலை வளைவு. வளைவில் திரும்பும் ஒவ்வொரு வண்டியும் ஏர் ஹாரனை அழுத்தாமல் செல்வதில்லை. அச்சன்னலை ஒட்டி அமர்ந்திருந்த ஒரு சிறுவன் 'ஸீன்' என்ற எழுத்தையும் 'ஸாத்' என்ற எழுத்தையும் மாற்றி மாற்றி ஓதிக் கொண்டிருந்தான். பல முறை திருத்தியும் பயனில்லை. ஒருநாள் பொறுமை இழந்து, "உன் காது எங்கே போயிற்று?" என்று எல்லோர் முன்னிலையிலும் கடிந்து கொண்டேன். அவன் தலை குனிந்து நின்றான்.

அவனுடைய காது எங்கும் போகவில்லை என்பதையும், அந்தக் காதுக்குள் நான் ஓதிய ஒலி போய்ச் சேர்ந்ததா என்பதே கேள்வி என்பதையும் வெகு காலம் கழித்து, நியூயார்க் நகரத்துப் பெண் ஆய்வாளர் ஒருவரின் பணியைப் பற்றிப் படித்தபோதுதான் உணர்ந்தேன். அவர் பெயர் ஆர்லீன் பிரான்ஸாஃப்ட். அவர் செய்த ஆய்வு எளியது. ஆனால் அதன் விளைவு பெரியது. பிள்ளைகளைப் பெற்றவர்களும் பிள்ளைகளுக்குப் போதிப்பவர்களும் அவசியம் அறிந்திருக்க வேண்டிய ஒன்று அது.

ஒரு தாயின் முறையீடு

1970களின் தொடக்கம். நியூயார்க் நகரின் லேமன் கல்லூரியில் பிரான்ஸாஃப்ட் உளவியல் பேராசிரியராகப் பணியாற்றி வந்தார். மனிதனின் மனத்தையும் நடத்தையையும் அவனுடைய சுற்றுப்புறம் எவ்வாறு மாற்றுகின்றது என்பது அவருடைய ஆய்வுத் துறை. அவரிடம் பயின்ற மாணவி ஒருவர் குழந்தைக்குத் தாயாகவும் இருந்தார். அவர் தம் குழந்தையின் பள்ளியைப் பற்றி ஒருநாள் முறையிட்டார். பள்ளியை ஒட்டி, தூண்களின் மேல் அமைந்த இருப்புப்பாதையில் ரயில்கள் ஓடுகின்றன. அவை எழுப்பும் பேரிரைச்சலில் பிள்ளைகளால் படிக்க முடியவில்லை. பெற்றோர்கள் சேர்ந்து வழக்குத் தொடரும் எண்ணத்தில் இருக்கின்றனர் என்பது அவருடைய முறையீடு.

பெற்றோரின் மனக்குமுறல் நியாயமானதுதான். ஆயினும் நீதிமன்றத்தில் குமுறல் மட்டும் செல்லுபடியாகுமா? 'சத்தம் தொந்தரவாக இருக்கின்றது' என்று கூறினால், 'சிறிது நாளில் பழகிவிடும்' என்று மறுமொழி வரும். பிள்ளைகளுக்குத் தீங்கு நேர்ந்துள்ளது என்பதை எவரும் மறுக்க முடியாதபடி நிறுவினால்தான் வழி பிறக்கும். அந்தப் பொறுப்பைப் பிரான்ஸாஃப்ட் ஏற்றுக் கொண்டார்.

அப்பள்ளி மன்ஹாட்டன் தீவின் வடகோடியிலுள்ள இன்வுட் பகுதியில் இருந்தது. பொதுப்பள்ளி எண் 98 என்பது அதன் பெயர். அதற்கும் இருப்புப்பாதைக்கும் இடையே இருந்த தூரம் ஏறத்தாழ 220 அடி. சுமார் நாலரை நிமிடங்களுக்கு ஒரு ரயில் கடந்து சென்றது. ஒவ்வொரு ரயிலும் கடக்க 30 விநாடிகள் பிடித்தன. அந்த 30 விநாடிகளிலும் வகுப்பறைக்குள் ஒலியின் அளவு 89 டெசிபல் வரை எழுந்தது.

89 டெசிபல் என்றால் என்னவென்று சற்று விளக்கிவிடுகின்றேன். ஒலியை அளக்கும் அளவை டெசிபல். இது நாம் துணி அளக்கும் மீட்டரைப் போலச் சீராக ஏறுவதன்று. ஒவ்வொரு 10 டெசிபல் கூடும்போதும் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகின்றது. இருவர் அமர்ந்து இயல்பாக உரையாடும் ஒலி ஏறக்குறைய 60 டெசிபல். 90 டெசிபல் என்பது அதைப்போல ஒன்றரை மடங்கன்று. ஆற்றலில் ஆயிரம் மடங்கு! அந்த ஒலிக்கு முன்னால் ஓர் ஆசிரியை எவ்வளவு உரக்கப் பேசினால்தான் கடைசி வரிசைப் பிள்ளைக்குக் கேட்கும்?

ஆகவே ஆசிரியைகள் ரயில் வரும்போதெல்லாம் பேச்சை நிறுத்திக் கொண்டனர். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலரை நிமிடத்தில் அரை நிமிடம் என்றால் ஒன்பதில் ஒரு பங்கு. ஒன்பது நாள் பாடம் நடந்தால் அதில் ஒரு நாள் பாடத்தை ரயில் வண்டி ஏற்றிக் கொண்டு போய்விட்டது என்று பொருள். இது வெறும் நேரக் கணக்குத்தான். அறுந்து போன பேச்சை மீண்டும் தொடங்குவதற்கும், சிதறிய கவனத்தைக் கூட்டுவதற்கும் ஆகும் காலத்தை இதில் சேர்க்கவில்லை. வகுப்பு நடத்திப் பழகியவர்களுக்கு அந்த இழப்பின் அளவு தெரியும்.

ஒரே பள்ளியின் இரு பக்கங்கள்

இங்கேதான் அந்த ஆய்வாளரின் நுண்மதி வெளிப்படுகின்றது. இரைச்சலான பள்ளி ஒன்றையும் அமைதியான பள்ளி ஒன்றையும் ஒப்பிட்டிருந்தால் எவரும் எளிதில் ஆட்சேபித்திருப்பர். 'அது ஏழைகளின் பள்ளி, இது வசதியுள்ளோர் பள்ளி', 'அங்கே ஆசிரியர் சரியில்லை', 'இங்கே நூலகம் இருக்கின்றது' என்று நூறு காரணங்கள் சொல்லியிருப்பர்.

பிரான்ஸாஃப்டும் அவருடன் இணைந்து பணியாற்றிய டென்னிஸ் மெக்கார்த்தியும் வேறு பள்ளியைத் தேடிச் செல்லவில்லை. அதே பள்ளியின் மறுபக்கத்தைப் பார்த்தனர். கட்டடத்தின் ஒரு பக்கத்து வகுப்பறைகள் இருப்புப்பாதையை நோக்கி இருந்தன. மறுபக்கத்து வகுப்பறைகளுக்கு அந்த இரைச்சல் அவ்வளவாக எட்டவில்லை. ஒரே பள்ளி, ஒரே பாடத்திட்டம், ஒரே தெருக்களிலிருந்து வரும் பிள்ளைகள். கெட்டிக்காரர்களை ஒரு பக்கமும் மந்தமானவர்களை மறுபக்கமும் பிரித்து அமர்த்தும் வழக்கமும் அங்கு இல்லை. இரு பக்கத்துக்கும் இடையே இருந்த பெரிய வேற்றுமை ரயிலின் ஓசை ஒன்றுதான்.

இரு பக்கத்துப் பிள்ளைகளும் வாசிப்புத் தேர்வுகளில் பெற்ற மதிப்பெண்களை அவர்கள் ஒப்பிட்டனர். கிடைத்த முடிவு அதிர்ச்சி அளிப்பதாக இருந்தது. இரைச்சல் பக்கத்துப் பிள்ளைகள் வாசிப்பில் பின்தங்கியிருந்தனர். ஆறாம் வகுப்பை எட்டும்போது அந்தப் பின்னடைவு ஏறக்குறைய ஓராண்டாக வளர்ந்திருந்தது.

வாசகர்களே, இதைச் சற்று நிறுத்தி நினைத்துப் பாருங்கள். ஒரு குழந்தையின் பள்ளி வாழ்வில் ஓராண்டு! தந்தை உழைத்துச் சேர்த்த பணமும், தாய் விடியலில் எழுந்து சமைத்துக் கட்டிக் கொடுத்த உணவும், குழந்தை சுமந்து சென்ற புத்தகங்களும் சேர்ந்த ஓராண்டு. அதை ஓர் இரும்புப் பாதை தின்றுவிட்டது. எவருக்கும் தெரியவில்லை. மதிப்பெண் பட்டியலில் 'இரைச்சல்' என்றொரு கட்டம் இருப்பதில்லை அல்லவா? அங்கே பிள்ளையின் பெயரும் அதன் எதிரே குறைந்த எண்ணும் மட்டுமே இருந்தன.

இந்த ஆய்வு 1975ஆம் ஆண்டு வெளிவந்தது. சுற்றுப்புற இரைச்சல் பிள்ளைகளின் கல்வியைப் பாதிக்கின்றது என்பதற்கு முன்னோடிச் சான்றாக இன்றளவும் அது எடுத்துக் காட்டப்படுகின்றது.

காது மூடிக் கொள்ளும் விந்தை

ரயில் ஓடாத நேரத்தில் பாடம் நடந்ததே, பின் ஏன் அவ்வளவு பெரிய பின்னடைவு? இதற்கு விடை காண, அதே நகரத்தில் சற்று முன்னர் நடந்த மற்றோர் ஆய்வைப் பார்க்க வேண்டும்.

மன்ஹாட்டனில் பெரும் நெடுஞ்சாலை ஒன்றின் மீதே அடுக்குமாடிக் கட்டடங்கள் சில எழுப்பப்பட்டிருந்தன. ஷெல்டன் கோஹன், டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் ஆகிய மூவரும் அங்கு வாழ்ந்த பிள்ளைகளை ஆராய்ந்து 1973இல் முடிவை வெளியிட்டனர். சாலைக்கு அருகிலுள்ள கீழ் மாடிகளில் நெடுங்காலம் வசித்த பிள்ளைகள், மேல் மாடிப் பிள்ளைகளைக் காட்டிலும் வாசிப்பில் தாழ்ந்திருந்தனர். அதோடு, ஏறக்குறைய ஒன்றுபோல் ஒலிக்கும் இரு சொற்களை வேறு பிரித்து அறிவதிலும் அவர்கள் தடுமாறினர்.

அப்பிள்ளைகளின் காது செவிடாகிவிட்டதா? அதுவன்று. ஓயாத இரைச்சலுக்கு நடுவே வாழும் குழந்தை அதைப் பொருட்படுத்தாமலிருக்கக் கற்றுக் கொள்கின்றது. ஒலியைப் புறக்கணிக்கப் பழகுகின்றது. ஆனால் எந்த ஒலியைப் புறக்கணிப்பது, எதை ஏற்பது என்று பிரித்தறியும் பக்குவம் இளம் பிராயத்தில் முழுமையாக வருவதில்லை. லாரியின் உறுமலோடு சேர்த்து ஆசிரியையின் சொல்லையும் அது வெளியே நிறுத்தி விடுகின்றது என்பதே அறிஞர்கள் தரும் விளக்கம். வாசிப்புக்கு அடிப்படை எழுத்தன்று, ஒலி. 'பள்ளி', 'பல்லி' என்ற இரண்டையும் செவியால் பிரித்தறியாத பிள்ளை அவற்றைக் கண்ணால் எவ்வாறு பிரித்து வாசிக்கும்?

இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நெடுநேரம் அமர்ந்திருந்தேன். எங்கள் ஓதல் கல்வி முழுவதும் செவிவழிக் கல்வியே. உஸ்தாதின் நாவிலிருந்து புறப்படும் ஒலி மாணவனின் செவியில் பழுதின்றிச் சேர்ந்தாலன்றி எழுத்தின் பிறப்பிடம் அவனுக்கு விளங்காது. ஸீனும் ஸாதும் ஒன்றுபோல் ஒலிக்கும் இரு எழுத்துகள். ஏர் ஹாரனுக்கு நடுவே அவற்றைப் பிரித்துக் கேட்கும்படி ஏழு வயதுச் சிறுவனை நான் வற்புறுத்தியிருக்கின்றேன். பிழை யாருடையது?

ஆய்வோடு நில்லாத ஆய்வாளர்

ஆய்வுகள் பல, அச்சேறியதோடு அலமாரியில் உறங்கிவிடுகின்றன. பிரான்ஸாஃப்ட் அதற்கு இடம் கொடுக்கவில்லை. தம் முடிவுகளைக் கையில் ஏந்தி ரயில் துறையினரிடமும் கல்வித் துறையினரிடமும் சென்றார். பொறுப்பிலுள்ளோர் முன் எடுத்துரைத்தார். பத்திரிகைகளும் அதனை வெளியிட்டன. பெற்றோரின் முறையீடாக இருந்தவரை அசையாத நகரம், எண்களைக் கண்டபின் அசைந்தது.

ரயில் துறை, பள்ளிக்கு அருகிலிருந்த தண்டவாளத்தின் அடியில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் திண்டுகளைப் பொருத்தியது. கல்வித் துறை, இரைச்சல் மிகுந்த வகுப்பறைகளின் மேற்கூரையில் ஒலியை உறிஞ்சும் பலகைகளை அமைத்தது. பள்ளியை இடிக்கவில்லை; ரயிலை நிறுத்தவில்லை. ரப்பரும் பலகையும் போதுமானவையாக இருந்தன!

பணி முடிந்ததும் பிரான்ஸாஃப்ட் மீண்டும் அப்பள்ளிக்குச் சென்றார். இரு பக்கத்துப் பிள்ளைகளின் மதிப்பெண்களையும் மறுபடி ஒப்பிட்டார். 1981இல் அவர் வெளியிட்ட முடிவு இதுதான்: இரு பக்கத்துப் பிள்ளைகளும் வாசிப்பில் இப்போது சமமாக இருந்தனர். முன்பிருந்த வேற்றுமை மறைந்து போயிற்று.

நோயைக் கண்டறிந்தவர் மருந்தும் கொடுக்கச் செய்து, அது பலித்ததா என்பதையும் சோதித்துவிட்டார். இரைச்சலே காரணம் என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டுமா? பிள்ளைகளின் அறிவும் ஆசிரியைகளின் திறமையும் ஒருபோதும் குறைவாக இருந்ததில்லை என்பது அன்று ஐயமின்றி வெளிப்பட்டது.

பிற நாடுகளின் சாட்சியம்

ஒரு பள்ளியின் கதையைக் கொண்டு உலகுக்கே தீர்ப்பு எழுதிவிட முடியாது என்று சிலர் கருதலாம். அவ்வெண்ணம் சரியானதே. ஆகவே பிற ஆய்வுகளையும் சுருங்கப் பார்ப்போம்.

லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தின் அருகிலுள்ள பள்ளிகளில் கோஹனும் அவருடைய குழுவினரும் ஆய்வு நடத்தி 1980இல் முடிவை வெளியிட்டனர். விமான இரைச்சலுக்கு ஆளான பிள்ளைகளின் இரத்த அழுத்தம் மற்றப் பிள்ளைகளினுடையதைவிடக் கூடுதலாக இருந்தது. புதிர் ஒன்றைக் கொடுத்தால், விடை காணும் முன்பே முயற்சியைக் கைவிடும் போக்கும் அவர்களிடம் மிகுந்திருந்தது. நம்மால் கட்டுப்படுத்த இயலாத ஒன்றை அன்றாடம் சகித்துக் கொள்ளும் மனம் 'நம்மால் ஆவது ஒன்றுமில்லை' என்ற முடிவுக்கு வந்துவிடுகின்றது போலும்.

ஜெர்மனியின் ம்யூனிக் நகரில் 1992இல் பழைய விமான நிலையத்தை மூடி வேறிடத்தில் புதியதைத் திறந்தார்கள். ஆய்வாளர்களுக்கு இது தேடினாலும் கிட்டாத வாய்ப்பு. கேரி எவான்ஸ், ஸ்டஃபான் ஹிக்கே, மோனிகா புல்லிங்கர் ஆகியோர் இரு இடங்களிலும் இருந்த பிள்ளைகளை மாற்றத்திற்கு முன்னும் பின்னும் சோதித்தனர். பழைய நிலையம் மூடப்பட்டபின் அப்பகுதிப் பிள்ளைகளின் நினைவாற்றலும் வாசிப்பும் தேறின. புதிய நிலையத்தின் அருகிலிருந்த பிள்ளைகளிடம் அவை தாழத் தொடங்கின. விமானங்கள் இடம் பெயர்ந்தபோது பாதிப்பும் கூடவே இடம் பெயர்ந்தது!

லண்டன், ஆம்ஸ்டர்டாம், மாட்ரிட் ஆகிய நகரங்களின் பெரும் விமான நிலையங்களைச் சுற்றி 2800க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு, 'லான்செட்' மருத்துவ இதழில் 2005இல் வெளியாயிற்று. விமான இரைச்சல் கூடக்கூட வாசிப்புத் திறன் குறைவதை அதுவும் உறுதி செய்தது. சாலைப் போக்குவரத்தின் இரைச்சலுக்கும் வாசிப்புக்கும் இத்தகைய தொடர்பு அந்த ஆய்வில் தென்படவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆயினும் ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரப் பள்ளிகளில் நடத்தப்பட்டு 2022இல் வெளிவந்த ஆய்வு, சாலை இரைச்சல் மிகுந்த பள்ளிகளில் பிள்ளைகளின் கவனமும் நினைவாற்றலும் வளரும் வேகம் குறைந்திருந்ததைக் காட்டியது.

'பழகிவிடும்' என்பது உண்மையா?

இரைச்சலைப் பற்றி எவர் முறையிட்டாலும் நாம் கூறும் ஆறுதல் ஒன்று உண்டு: "போகப் போகப் பழகிவிடும்." மனம் ஓரளவு பழகலாம். உடல் பழகுகின்றதா என்பதுதான் கேள்வி.

கண்ணுக்கு இமை உண்டு, காதுக்கு இல்லை. உறங்கும்போதும் செவி விழித்தே இருக்கின்றது. ஆபத்தை அறிவிக்கும் காவலன் அது. நள்ளிரவில் ஒரு வண்டி அலறிச் சென்றால் நாம் எழுந்து உட்காராமல் இருக்கலாம்; காலையில் அது நினைவில்கூட இல்லாமல் போகலாம். ஆனால் அந்த நொடியில் இதயம் வேகமாகத் துடிக்கின்றது. இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அட்ரினலின், கார்ட்டிசால் போன்ற சுரப்புகள் இரத்தத்தில் கூடுகின்றன. உறக்கம் ஆழத்திலிருந்து மேலே வந்துவிடுகின்றது. இது ஆண்டுக்கணக்கில் இரவுதோறும் நடந்தால் உயர் இரத்த அழுத்தத்திற்கும் இதய நோய்க்கும் வழி திறக்கின்றது.

உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட அறிக்கை, போக்குவரத்து இரைச்சலால் மேற்கு ஐரோப்பாவில் மட்டும் ஆண்டுதோறும் குறைந்தது பத்து லட்சம் ஆரோக்கிய வாழ்நாள் ஆண்டுகள் இழக்கப்படுகின்றன என்று மதிப்பிட்டது. அதில் பெரும் பங்கு உறக்கக் கேட்டினாலும் மன எரிச்சலினாலும் ஏற்படுவது. வகுப்பறையில் பாடம் நடக்கும்போது பின்னணி ஒலி 35 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று அதே நிறுவனம் 1999லேயே பரிந்துரைத்திருந்தது. இன்வுட் பள்ளியின் 89ஐ இந்த 35உடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நகரத்தைத் திருத்தும் நீண்ட பணி

பிரான்ஸாஃப்டின் பணி ஒரு பள்ளியோடு முடிந்துவிடவில்லை. நியூயார்க்கின் ஐந்து மேயர்களின் ஆட்சிக் காலங்களில் நகரச் சுற்றுச்சூழல் அமைப்பின் இரைச்சல் குழுவில் அவர் பணியாற்றினார். அண்டை வீட்டாரின் சத்தத்தாலும், கட்டட வேலையின் இடியோசையாலும், உணவு விடுதிகளின் ஆரவாரத்தாலும் தூக்கம் இழந்த எளிய மக்கள் அவரிடம் முறையிட்டனர். அவர் செவி சாய்த்துக் கேட்டார். உரிய அதிகாரிகளிடம் எடுத்துச் சென்றார். பிள்ளைகளுக்கு ஒலியின் அருமையை உணர்த்த ஒரு சிறுவர் நூலையும் எழுதினார்.

நகரின் பழைய இரைச்சல் சட்டம் திருத்தி எழுதப்பட்டபோது அவருடைய ஆலோசனையும் பெறப்பட்டது. அத்திருத்தம் 2005இல் நிறைவேறி 2007இல் நடைமுறைக்கு வந்தது. கட்டடம் கட்டுவோர் இரைச்சலைத் தணிக்கும் திட்டத்தை முன்கூட்டியே வகுக்க வேண்டும் என்று அது விதித்தது. ஐஸ்கிரீம் வண்டிகள் நின்று விற்பனை செய்யும்போது இசையை ஒலிக்கக் கூடாது என்றும், வளர்ப்பு நாய் பகலில் பத்து நிமிடமும் இரவில் ஐந்து நிமிடமும் தொடர்ந்து குரைத்தால் அது குற்றம் என்றும் கூட அதில் வகுக்கப்பட்டது. சிறிய விஷயங்கள் என்று நமக்குத் தோன்றலாம். தூங்காத நோயாளிக்கும், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கும் அவை சிறியவையல்ல.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் அந்நாட்டு வரலாற்றில் உண்டு. அமெரிக்க மத்திய அரசு 1972இல் இரைச்சல் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றி, அதை நடத்த ஓர் அலுவலகத்தையும் பேணி வந்தது. சிக்கனம் என்ற பெயரால் 1982இல் அந்த அலுவலகத்துக்கான நிதி நிறுத்தப்பட்டது. சட்டம் ஏட்டில் இருந்தது. நடத்துவதற்குக் கை இல்லை. இதைப் பிரான்ஸாஃப்ட் பல்லாண்டு காலம் தொடர்ந்து கண்டித்து வந்தார். கண்ணுக்குத் தெரியும் புகைக்கும் குப்பைக்கும் கிடைக்கும் கவனம், கண்ணுக்குத் தெரியாத இரைச்சலுக்குக் கிடைப்பதில்லை என்பது எங்கும் உள்ள நிலைதான்.

நம் பங்கு என்ன?

அன்புச் சகோதர சகோதரிகளே! நியூயார்க்கின் ரயிலைப் பற்றி இவ்வளவு எழுதிய நோக்கம், அந்நாட்டின் பெருமை பேசுவதற்கன்று. நம் வீட்டுச் சன்னலையும் நாம் எட்டிப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான்.

நமது நாட்டிலும் 2000ஆம் ஆண்டில் ஒலி மாசு விதிகள் வகுக்கப்பட்டன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று அவை எல்லை குறித்தன. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கவும் இடமளித்தன. அரசு விதி வகுத்தது; நம் பழக்கத்தைத் திருத்துவது நம் கையில் இருக்கின்றது. நம் வீட்டுத் திருமணங்களில் தெருவையே அதிர வைக்கும் ஒலிபெருக்கி யாருடைய மகிழ்ச்சிக்காக? நாம் நடத்தும் கூட்டங்களில் அரங்கில் உள்ள ஐம்பது பேருக்காக அடுத்த தெருவின் ஐந்நூறு பேருடைய உறக்கத்தைக் கெடுப்பது எந்த வகை நியாயம்? அந்தத் தெருவில் ஒரு நோயாளி இருப்பார். ஒரு கைக்குழந்தை இருக்கும். மறுநாள் தேர்வு எழுதும் ஒரு பிள்ளை இருக்கும்.

இல்லத் தலைவியருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை படிக்கும் நேரத்தில் தொலைக்காட்சி ஓடிக் கொண்டிருந்தால், 'அவன் பார்க்கவில்லையே, புத்தகத்தைத்தானே பார்க்கின்றான்' என்று எண்ணி விடாதீர்கள். கண் புத்தகத்தில் இருந்தாலும் காது திறந்தே இருக்கின்றது. மாலையில் ஒரு மணி நேரமேனும் வீட்டில் அமைதி நிலவட்டும். தெருப் பக்கத்து அறையைவிட உள்ளறை படிப்புக்கும் உறக்கத்துக்கும் உகந்தது.

பள்ளிகளையும் மதரஸாக்களையும் நிர்வகிக்கும் பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கட்டடத்துக்கு வண்ணம் பூசுகிறீர்கள். வாயிலுக்கு வளைவு எழுப்புகிறீர்கள். அடுத்த முறை, பாடம் நடக்கும் நேரத்தில் கடைசி வரிசையில் கால்மணி நேரம் அமர்ந்து பாருங்கள். ஆசிரியரின் குரல் உங்கள் செவியை எட்டுகின்றதா? எட்டவில்லையெனில் எந்தப் பக்கத்து அறையை வகுப்புக்கும் எதனைப் பண்டக அறைக்கும் ஒதுக்குவது என்று யோசியுங்கள். பெரும் செலவு தேவையில்லை. இன்வுட் பள்ளி நமக்குக் கற்பிக்கும் பாடம் அதுதான்.

தொடக்கத்தில் கூறிய அச்சிறுவனின் நிலை என்ன என்று கேட்பீர்கள். அவன் எங்கள் மதரஸாவை விட்டுச் சென்று பல ஆண்டுகளாகின்றன. அவனை இடம் மாற்றி அமர்த்தும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை. இந்த ஆய்வைப் படித்தபின் எங்கள் வகுப்பைச் சாலைக்கு எதிர்ப்பக்கத்து அறைக்கு மாற்றிக் கொண்டோம். முன்பு அந்த அறையில் பழைய பாய்களும் உடைந்த பெஞ்சுகளும் அமைதியாக உறங்கிக் கொண்டிருந்தன! பாய்களுக்கு அமைதியையும் பிள்ளைகளுக்கு இரைச்சலையும் நாங்கள் ஒதுக்கியிருந்தோம் என்பதை அன்றுதான் கண்டோம்.

இப்போதெல்லாம் ஒரு பிள்ளை தவறாக ஓதினால் கடிந்து கொள்ளும் முன், "நான் சொன்னது கேட்டதா?" என்று முதலில் கேட்கின்றேன். சில வேளைகளில், "கேட்கவில்லை உஸ்தாத்" என்று பதில் வருகின்றது. இக்கேள்வியை அன்று அவனிடம் கேட்டிருக்கலாமே என்ற வருத்தம் எனக்கு உண்டு. நீங்களாவது உங்கள் பிள்ளையிடம் இன்றே கேட்டுப் பாருங்கள்.